முதல் நகர்த்தலிலேயே ராஜாவைப் பிடித்த ராணி

மாமா பையனுக்குப் போன மாதம் என் செஸ் எஞ்சினை, அதாவது செஸ் ஆடுகிற புரோகிராமை, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதியது. பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை, ஆனால் என்னை ஜெயித்துவிடும். மறுநாள் காலையிலேயே போன்: “அண்ணா, உங்க எஞ்சின் முதல் மூவ்லயே ராணிய எடுத்து என் ராஜாவ அடிக்குது. போர்டு இல்லீகல் மூவ்னு சொல்லி நின்னுடுச்சு.” நான் நம்பவில்லை. அதே ஃபைலை என் லேப்டாப்பில் ஓட்டினேன், ஒழுங்காக ஆடுகிறது. தொடக்க நிலையிலிருந்து எத்தனை விதமாக ஆடலாம் என்று எண்ணினால் ஒரு நகர்த்தலுக்கு 20, இரண்டுக்கு 400, மூன்றுக்கு 8902, நான்குக்கு 197281 என்று செஸ் எஞ்சின் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த கணக்கு அத்தனையும் டாண் டாண் என்று வருகிறது. அவன் வீட்டு மெஷினில் மட்டும் வெள்ளை ராணி டி1-லிருந்து, நடுவில் இருக்கிற சிப்பாய்களை எல்லாம் மதிக்காமல், ஈ8-க்குப் பறக்கிறது.

நாம் எழுதுகிற புரோகிராமை பிராசஸருக்குப் புரியும் இன்ஸ்ட்ரக்ஷன்களாக மாற்றுவது கம்பைலர். இதைத் துரத்திக்கொண்டு போனதில்தான் கம்பைலர் இன்ட்ரின்சிக் என்றால் என்ன என்று எனக்கு உருப்படியாகப் புரிந்தது. அதுவரை “கம்பைலருக்குள்ளேயே இருக்கிற வேகமான ஃபங்ஷன்” என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதிகூட இல்லை.

முதலில் செஸ் எஞ்சினுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். செஸ் போர்டில் 64 கட்டம், இன்றைய பிராசஸர் கணக்குப் போடும்போது எண்ணை வைத்துக்கொள்கிற ரெஜிஸ்டரில் 64 பிட். யாரோ ஏற்பாடு செய்து வைத்த மாதிரி பொருந்துகிறது. ஒவ்வொரு வகைக் காய்க்கும் ஒரு 64-பிட் எண் வைத்துக்கொள்வோம், ஏ1 கட்டம் பிட் 0, ஹெச்8 கட்டம் பிட் 63. ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைச் சிப்பாய்கள் இருக்கிற எண் 65280. பைனரியில் எழுதினால் எட்டு 1, அதற்குப் பின்னால் எட்டு 0. இதைப் பிட்போர்ட் என்பார்கள். எத்தனை சிப்பாய் மிச்சம்? எண்ணில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணினால் போதும். முதல் சிப்பாய் எந்தக் கட்டத்தில்? கடைசியில் எத்தனை 0 என்று எண்ணினால் 8, அதாவது ஏ2. மேலே இருந்து பார்த்தால் கடைசிக் காய் எங்கே என்பதற்கு, முன்னால் எத்தனை 0 என்று எண்ண வேண்டும். இந்த மூன்று கேள்விகளையும் எஞ்சின் ஒரு விநாடியில் கோடிக்கணக்கான தடவை கேட்கும். ரஸ்ட்டில் இவற்றுக்குக் கவுன்ட்_ஒன்ஸ், டிரெய்லிங்_ஜீரோஸ், லீடிங்_ஜீரோஸ் என்று பெயர்.

எடிட்டரில் கவுன்ட்_ஒன்ஸ் மேல் கர்சரை வைத்து அதன் மூலத்துக்குத் தாவிப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் போகும். அங்கே ஒரே ஒரு வரி: இன்ட்ரின்சிக்ஸ் மாட்யூலில் இருக்கிற சிடிபாப் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடு. சரி என்று சிடிபாப் மேல் தாவினால், ஒரு பெயர், உள்ளே வாங்குவது ஒரு எண், திருப்பித் தருவது 32-பிட் எண், அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். வளை அடைப்பே கிடையாது. மேலே “இது ரஸ்ட்சி-க்கான இன்ட்ரின்சிக்” என்று ஒரு அட்ரிபியூட் (கம்பைலருக்கான குறிப்பு) மட்டும் ஒட்டியிருக்கும், ரஸ்ட்சி என்பது ரஸ்ட்டின் கம்பைலர். கொஞ்சம் பழைய வெர்ஷன்களில் இந்த அட்ரிபியூட்டுக்குப் பதிலாக, சி லைப்ரரி ஃபங்ஷனை அறிவிக்கிற மாதிரி ஒரு எக்ஸ்டர்ன் பிளாக்குக்குள் இவற்றை எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். பார்த்தால் ஏதோ வேறு லைப்ரரியில் இருந்து லிங்க் ஆகிற மாதிரி தோன்றும், ஆனால் எந்த லைப்ரரியிலும் அது இருக்காது.

கிணற்றில் வாளியை விட்டுக்கொண்டே போய், தண்ணீரும் இல்லாமல் தரையும் இல்லாமல் கயிறு மட்டும் போய்க்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி இருந்தது எனக்கு முதல் தடவை பார்த்தபோது.

அந்த இடத்தில் லைப்ரரி முடிகிறது, கம்பைலர் தொடங்குகிறது. சிடிபாப் என்ற பெயரைக் கம்பைலருக்கு முன்கூட்டியே தெரியும். அதை அழைக்கிற இடத்தில் அது “கால்” (ஃபங்ஷன் அழைப்பு) போடாது, தனக்குத் தெரிந்ததை அங்கேயே வைத்துவிடும். இந்த யோசனை ஒன்றும் புதிது இல்லை, ஃபோர்ட்ரானின் 1966 ஸ்டாண்டர்டிலேயே இன்ட்ரின்சிக் ஃபங்ஷன் என்ற சொல் இருக்கிறது. சி உலகில் ஜிசிசி என்ற கம்பைலர்காரர்கள் இதைப் பில்ட்-இன் என்பார்கள், பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டு பில்ட்இன்_பாப்கவுன்ட் என்று எழுதுவோம். ஸிக் மொழியில் ஒளிவு மறைவே இல்லை, @ போட்டால் அது கம்பைலர் தருவது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். ரஸ்ட்டில் இன்ட்ரின்சிக்ஸ் மாட்யூலை ஸ்டேபிள் கம்பைலரில் நேரடியாகத் தொட முடியாது, நமக்குத் தருவது எல்லாம் அதன் மேல் போர்த்திய கவுன்ட்_ஒன்ஸ் மாதிரி ஃபங்ஷன்கள்தான். விதிவிலக்கு டிரான்ஸ்மியூட், ஒரு வகை மதிப்பின் பிட்களை அப்படியே வேறு வகையாகப் பார்க்கச் சொல்வது. நாம் எல்லாரும் பயந்து பயந்து பயன்படுத்துகிற அந்த ஃபங்ஷன் போர்வை இல்லாத இன்ட்ரின்சிக்கேதான், மெம் மாட்யூல் வழியாக அப்படியே வெளியே விட்டிருக்கிறார்கள்.

ஏன் வேண்டும் இதெல்லாம்? இரண்டு வேறு காரணங்கள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

முதல் வகை, மொழிக்குள் எழுதவே முடியாதவை. சைஸ்_ஆஃப் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்ட்ரக்ட் எத்தனை பைட் என்பது அந்த ஸ்ட்ரக்ட்டின் உறுப்புகளைக் கம்பைலர் எந்த வரிசையில் அடுக்கியது, நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டது என்பதைப் பொறுத்தது. அதை நீங்கள் எந்தப் புரோகிராம் எழுதியும் வெளியில் இருந்து கண்டுபிடிக்க முடியாது, கம்பைலரைத்தான் கேட்கவேண்டும். “இந்த இடத்துக்கு ஆட்டம் வராது” என்று சொல்கிற அன்ரீச்சபிள் இன்ட்ரின்சிக்கும் அப்படித்தான். அது ஒரு இன்ஸ்ட்ரக்ஷன்கூடத் தராது. கம்பைலர் காதில் ஒரு விஷயத்தைப் போட்டுவைக்கிறது, அதை நம்பி அது சுற்றுவட்டாரத்தில் இருக்கிற சோதனைகளை எல்லாம் அழித்துவிடும். நீங்கள் சொன்னது பொய்யானால் உங்கள் பாடு.

இரண்டாவது வகை, நாமே எழுதலாம், ஆனால் கம்பைலர் எழுதினால் நன்றாக இருக்கும் என்பவை. 1-களை எண்ணுவது இந்த ரகம். லூப் போட்டு எண்ணலாம். அதைவிட நல்ல பழைய வித்தை ஒன்று இருக்கிறது, ஒரு பைட்டை வைத்துக் காட்டுகிறேன். 10110110 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாகப் பிரித்தால் 10, 11, 01, 10. ஒவ்வொரு ஜோடியிலும் எத்தனை 1 என்பதை அந்த ஜோடி இருந்த இடத்திலேயே எழுதினால் 01, 10, 01, 01. அதாவது 1, 2, 1, 1. இப்போது பக்கத்துப் பக்கத்து ஜோடியைக் கூட்டி நான்கு பிட் இடத்தில் எழுதினால் 3, 2. அவற்றையும் கூட்டினால் 5. எண்ணிப் பாருங்கள், 5-தான். லூப்பே இல்லை, எல்லா ஜோடிகளுக்கும் ஒரே நேரத்தில் கூட்டல் நடக்கும். 64 பிட்டுக்கும் இதே கதை, கடைசியில் எட்டு பைட்களையும் கூட்டுவதற்கு மட்டும் ஒரு பெருக்கலும் ஒரு ஷிஃப்ட்டும் போடுவார்கள். மொத்தம் பதினைந்து இருபது இன்ஸ்ட்ரக்ஷன் ஆகும். பாப்கவுன்ட் என்ற இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கிற பிராசஸரில் இது எல்லாமே ஒன்று.

சரி, கவுன்ட்_ஒன்ஸ் என்று நாம் எழுதியது எப்படி அந்த ஒன்றாக மாறுகிறது? ரஸ்ட்சி முதலில் டைப் எல்லாம் சரிபார்க்கிறது. இன்ட்ரின்சிக்குக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது, லைப்ரரியில் அறிவித்ததும் தன் பட்டியலில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். பிறகு மிர் என்கிற இடைநிலை வடிவம். சைஸ்_ஆஃப், ரேப்பிங் கூட்டல் மாதிரி எளிய இன்ட்ரின்சிக்குகள் இங்கேயே கரைந்து சாதாரணச் செயல்களாகிவிடும். சிடிபாப் கரையாது, அது மெஷினுக்கான வடிவம் தயாராகத் தொடங்குகிற கோட்ஜென் கட்டம் வரை போகும். அங்கே பெயரைப் பார்த்து ஒரு பெரிய மேட்ச், சிடிபாப் என்றால் எல்எல்விஎம்-இன் (ரஸ்ட்சிக்காக மெஷின் இன்ஸ்ட்ரக்ஷன்களைத் தயாரித்துத் தரும் கருவி) சிடிபாப், 64 பிட் என்றால் ஐ64 வாலோடு. கவனித்தீர்களா, ரஸ்ட்சி இன்னும் எந்த இன்ஸ்ட்ரக்ஷனையும் தொடவில்லை. ரஸ்ட்டின் இன்ட்ரின்சிக் எல்எல்விஎம்-இன் இன்ட்ரின்சிக்காக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கையில் இருந்த பந்தை அடுத்த ஆளிடம் போட்டாயிற்று.

எல்எல்விஎம் அதை வாங்கி, இலக்கு மெஷினுக்கு ஏற்ற இன்ஸ்ட்ரக்ஷனைத் தேடும்போதுதான் முடிவு நடக்கிறது. “இந்த மெஷினில் இது நேரடியாக உண்டா?” உண்டு என்றால் ஒரே இன்ஸ்ட்ரக்ஷன். இல்லை என்றால் மேலே சொன்ன ஜோடி வித்தையை விரித்துப் போடும். 64-பிட் ஆர்மில் இன்னொரு கூத்து: பெரும்பாலான ஆர்ம் பிராசஸர்களில் சாதாரண ரெஜிஸ்டருக்கு இந்த வசதி இல்லை, ஆனால் பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் வெக்டர் பக்கத்தில் பைட் பைட்டாக 1-களை எண்ணும் இன்ஸ்ட்ரக்ஷன் உண்டு. அதனால் எண்ணை வெக்டர் ரெஜிஸ்டருக்கு நகர்த்தி, எட்டு பைட்டையும் எண்ணி, கூட்டி, மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவருகிறது. நாம் எழுதியது என்னவோ அதே கவுன்ட்_ஒன்ஸ்தான்.

இதில் எனக்கு அடி விழுந்த இடம் எது என்றால், எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டியின் 64-பிட் பிராசஸர் குடும்பம்) என்று சும்மா சொன்னால் கம்பைலர் பாப்கவுன்ட் இருப்பதாக எடுத்துக்கொள்ளாது. அந்த அடிப்படை மாடல் 2003-இல் வந்த முதல் 64-பிட் ஏஎம்டி பிராசஸரின் காலத்து விஷயம், இன்டெல்லில் பாப்கவுன்ட் 2008-இல் நெஹேலம் தலைமுறையோடுதான் வந்தது. அதனால் எந்தக் கொடியும் (கம்பைலருக்குக் கூடுதலாகச் சொல்லும் கட்டளை) போடாமல் ரிலீஸ் பில்ட் எடுத்தால் இன்றைக்கு வாங்கிய புது லேப்டாப்பிலும் அந்த இருபது இன்ஸ்ட்ரக்ஷன்தான் ஓடும். “இன்ட்ரின்சிக் பயன்படுத்தினேன், ஏன் வேகமாகவில்லை” என்று கேட்பவர்கள் பாதிப் பேருக்குப் பதில் இதுதான்.

நானும் இதைப் படித்துவிட்டுத்தான், எங்கேயோ பார்த்த இரண்டு கொடிகளை ரஸ்ட்டின் பில்ட் கருவியான கார்கோவின் கான்ஃபிகில் ஒட்டினேன்: பாப்கவுன்ட் இருக்கிறது, எல்இசட்கவுன்ட் இருக்கிறது. முன்னால் இருக்கிற பூஜ்யங்களை எண்ணுவது எல்இசட்கவுன்ட். என் லேப்டாப்பில் இரண்டும் உண்டு. எஞ்சின் வேகம் நன்றாகவே ஏறியது. அந்த சந்தோஷத்தில் கொடியை மறந்தே போனேன்.

மாமா பையனின் மெஷின் மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5, 2012 ரகம். அதில் பாப்கவுன்ட் உண்டு. எல்இசட்கவுன்ட் இன்டெல்லில் அடுத்த தலைமுறையான ஹாஸ்வெல்லில் 2013-இல்தான் வந்தது. அப்படியானால் புரோகிராம் “இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்” என்று செத்து விழுந்திருக்க வேண்டும் அல்லவா? விழவில்லை, அதுதான் கொடுமை. எல்இசட்கவுன்ட்டை பிராசஸருக்குப் புரியும் பைட்களாக எழுதும்போது, ஏற்கெனவே இருந்த பிஎஸ்ஆர் என்ற பழைய இன்ஸ்ட்ரக்ஷனுக்கு முன்னால் ஒரு பைட்டை ஒட்டியிருக்கிறார்கள். பழைய பிராசஸருக்கு அந்த முன்பைட் தெரியாது, கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு பிஎஸ்ஆரை ஓட்டும். பிஎஸ்ஆர் என்ன செய்யும்? மேலே இருக்கிற 1 எத்தனையாவது பிட் என்று சொல்லும். முன்னால் எத்தனை 0 என்று கேட்டால், முதல் 1 எங்கே என்று பதில் வருகிறது. கேள்விக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்து எண்ணிய பதில்.

7 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி மூன்று பிட் 1. 64 பிட்டில் முன்னால் 61 பூஜ்யம். எல்இசட்கவுன்ட் 61 சொல்லும். பிஎஸ்ஆர் 2 சொல்லும்.

இப்போது ராணியிடம் வருவோம். தொடக்கத்தில் வெள்ளை ராணி டி1-இல், இடப்பக்கம் சி1, பி1, ஏ1 மூன்றிலும் சொந்தக் காய்கள். பிட்டாக எழுதினால் அது 7. மிக அருகில் தடுப்பது யார் என்று கண்டுபிடிக்க என் புரோகிராம் 63-லிருந்து லீடிங்_ஜீரோஸைக் கழிக்கும். சரியாக நடந்தால் 63-61, அதாவது 2, சி1 கட்டம், அதற்கு அப்பால் இருப்பதை வெட்டிவிடு. அவன் மெஷினில் 63-2, அதாவது 61. அது எஃப்8 கட்டம். நான் வெட்டுகிற முறை எக்ஸ்ஓஆர், அதாவது இரண்டு எண்களில் ஒன்றில் மட்டும் 1 இருக்கிற பிட்களை வைத்துக்கொள்வது. டி1-இன் இடப்பக்கக் கோட்டையும் தடுப்பவரின் இடப்பக்கக் கோட்டையும் எக்ஸ்ஓஆர் செய்தால் பொதுவானது போய்விடும். எஃப்8-க்கு இடப்பக்கம் ஈ8, டி8, சி8, பி8, ஏ8. பொதுவானது எதுவுமே இல்லாததால் எதுவும் வெட்டுப்படவில்லை, அந்த ஐந்து கட்டங்களும் ராணி போகக்கூடிய இடங்களாகச் சேர்ந்துகொண்டன. ஈ8-இல் கருப்பு ராஜா. என் எஞ்சின் கொஞ்சம் சோம்பேறி ரகம், ராஜாவுக்குப் பிரம்மாண்டமான மதிப்பு கொடுத்துவிட்டு, பிடிக்க முடிந்தால் பிடி என்று விட்டிருக்கிறேன். பிடித்துவிட்டது.

மேல் பக்கமும் வலப்பக்கமும் போகிற கோடுகளுக்கு டிரெய்லிங்_ஜீரோஸ் என்பதால் அவை எல்லாம் சரியாகவே வேலை செய்தன. பாதித் திசை சரி, பாதித் திசை பைத்தியம். இதைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி போனது. மெமரி கெட்டுப்போச்சு, பென் டிரைவில் காப்பி ஆகும்போது ஏதோ ஆகிவிட்டது, என்னுடைய அன்சேஃப் பிளாக்கில் தப்பு என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், கொடியை மட்டும் சந்தேகப்படவில்லை. பாப்கவுன்ட் இல்லாத மெஷினாக இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும், ஏனென்றால் பாப்கவுன்ட்டில் முன்பைட்டை விட்டுவிட்டால் மிச்சம் செல்லுபடியாகிற இன்ஸ்ட்ரக்ஷனாக இருக்காது, உடனே விழுந்துவிடும். ஒன்று கத்திக்கொண்டு சாகிறது, இன்னொன்று சிரித்துக்கொண்டே பொய் சொல்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 63-லிருந்து முன்பூஜ்யங்களைக் கழித்தால் வருவது என்ன? மேலே இருக்கிற 1 எத்தனையாவது பிட் என்பது. அதாவது பிஎஸ்ஆர் தரும் எண்ணேதான். எனக்கு வேண்டியதை அந்தப் பழைய மெஷின் நேராகவே கொடுத்துக்கொண்டிருந்தது, நான்தான் அதை வாங்கி 63-லிருந்து கழித்துக் கெடுத்திருக்கிறேன்.

கம்பைலர் மேல் தப்பு இல்லை. இன்ட்ரின்சிக் மேலும் தப்பு இல்லை. லீடிங்_ஜீரோஸ் என்று எழுதும்போது நான் சொல்வது “எனக்கு இந்தப் பதில் வேண்டும்” என்பது மட்டும். எந்த இன்ஸ்ட்ரக்ஷன் என்பது வேறு பேச்சு, அதைக் கொடிகள் மூலம் தனியாகப் பேசுகிறேன். அந்தப் பேச்சில் நான் கம்பைலரிடம் பொய் சொன்னேன். இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்ததால்தான் எங்கே தேடுவது என்றே தெரியவில்லை.

இந்தப் பிரிவினை ஒரு வரம்தான், சில பேர் “இன்லைன் அசெம்ப்ளியில், அதாவது இன்ஸ்ட்ரக்ஷனையே நேராக, எழுதிவிட்டால் நிச்சயமாக நான் சொன்ன இன்ஸ்ட்ரக்ஷன் வருமே” என்று கேட்பார்கள். வரும். ஆனால் கம்பைலருக்கு அது மூடிய டப்பா. சிடிபாப் என்றால் அதற்கு அர்த்தம் தெரியும்: பதில் 64-ஐத் தாண்டாது, அதனால் 65 இடம் உள்ள அரேயில் அதை வைத்துத் தேடினால் எல்லைச் சோதனை வேண்டாம் என்று தூக்கிவிட முடியும். உள்ளே போவது மாறிலி என்றால் கம்பைல் ஆகும்போதே கணக்குப் போட்டுவிடும். ரஸ்ட்டில் ஓர் எண் இரண்டின் அடுக்கா என்று பார்க்கிற ஃபங்ஷன் உண்மையில் “கவுன்ட்_ஒன்ஸ் 1-க்குச் சமமா” என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. பாப்கவுன்ட் இல்லாத மெஷினில் இதற்காக எல்லா 1-களையும் எண்ண வேண்டியதில்லை என்று எல்எல்விஎம்-க்குத் தெரியும், எண்ணையும் அதில் ஒன்று குறைத்ததையும் வைத்து நாலைந்து இன்ஸ்ட்ரக்ஷனில் முடித்துவிடும். மூடிய டப்பாவுக்கு இந்த உபசாரம் எதுவும் கிடையாது.

ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் பல எண்களைக் கையாளும் சிம்ட் இன்ட்ரின்சிக்குகளிலும் இதே கதைதான், ஆச்சரியமாக. எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் என்று எம்எம்_ஆட் வகைப் பெயர்களோடு இன்டெல் பட்டியல் போட்டிருக்கிறதே, அவை ஒவ்வொன்றும் ஒரு இன்ஸ்ட்ரக்ஷனின் மறுபெயர் என்றுதான் எல்லாரும் நினைப்போம். ரஸ்ட்டில் 2018-இல் 1.27 வெர்ஷனில் இவை ஸ்டேபிள் ஆயின. நான்கு முழு எண்களை நான்கோடு கூட்டுகிற ஃபங்ஷனைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது “வெக்டராகக் கூட்டு” என்கிற பொதுவான இன்ட்ரின்சிக். கிளாங் என்ற சி கம்பைலரின் ஹெடரில் இன்னும் மோசம், வெறும் கூட்டல் குறி. அதனால் இரண்டு மாறிலி வெக்டர்களைக் கூட்டினால் இன்ஸ்ட்ரக்ஷனே வராமல் பதில் மட்டும் ஃபைலில் உட்கார்ந்திருக்கும்.

ஒரே சிடிபாப்புக்குக் கம்பைலருக்குள் எத்தனை இடத்தில் பதில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது தெரியுமா? எல்எல்விஎம்-க்கு ஒன்று. டிபக் பில்ட் வேகமாக வருவதற்காகச் எல்எல்விஎம்-க்குப் பதிலாகச் சிலர் பயன்படுத்துகிற கிரேன்லிஃப்ட்டுக்கு ஒன்று. ஜிசிசி வழியாகப் போகிற பேக்எண்டுக்கு (இன்ஸ்ட்ரக்ஷன் தயாரிக்கும் பின்பகுதி) ஒன்று. கான்ஸ்ட் என்று அறிவித்தால் கம்பைலரே உள்ளுக்குள் கோடை ஓட்டிப் பார்க்குமே, அந்த இன்டர்பிரட்டருக்கு ஒன்று, ரஸ்ட் புரோகிராமில் தப்பு தேடுகிற மிரி என்ற கருவி ஓடுவதும் அதன் மேல்தான். புதிதாக ஒரு இன்ட்ரின்சிக் சேர்த்தால் இத்தனை வீட்டுக்கும் பத்திரிகை வைக்கவேண்டும். அந்தத் தலைவலிக்காகத்தான் இப்போது சில இன்ட்ரின்சிக்குகளுக்கு ரஸ்ட்டிலேயே ஒரு சாதாரண உடம்பும் எழுதிவைக்கிறார்கள். தெரிந்த பேக்எண்ட் தன் வழியில் செய்யட்டும், தெரியாதது அந்த உடம்பை எடுத்து ஓட்டட்டும்.

எதிர்த்திசையிலும் இந்த வேலை நடக்கும். நீங்கள் இன்ட்ரின்சிக்கே எழுதாமல், எண்ணில் கடைசி 1-ஐ அழித்து அழித்து லூப்பில் எண்ணினாலும், இலக்கு மெஷினில் பாப்கவுன்ட் இருந்தால் எல்எல்விஎம் அதைப் பார்த்து “ஓ, இது சிடிபாப்” என்று மாற்றிக்கொள்ளும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லாத இடத்துக்குக் கோடு எழுதுகிறவர்கள், மெமரியை ஒரே மதிப்பால் நிரப்புகிற மெம்செட் ஃபங்ஷனைத் தாங்களே எழுதுவார்கள், ஒரு லூப் போட்டு ஒவ்வொரு பைட்டாக நிரப்பி. கம்பைலர் அந்த லூப்பைப் பார்க்கும், “இது மெம்செட்தானே” என்று கண்டுபிடித்து, லூப்பைத் தூக்கிவிட்டு மெம்செட்டுக்கு ஒரு கால் வைக்கும். அது எந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறது? மெம்செட்டுக்குள். தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு ஸ்டாக் தீர்கிற வரை ஓடிய கதைகள் உண்டு. இதைத் தடுப்பதற்கென்றே ரஸ்ட்டில் நோ_பில்டின்ஸ் என்று ஒரு அட்ரிபியூட் இருக்கிறது, சி-யில் அதற்கான கொடிகள் இருக்கின்றன.

மறுபடி என் எஞ்சினுக்கு. முதலில் நினைத்தது, ஓடும்போதே பிராசஸரைக் கேட்டுத் தீர்மானிக்கலாம் என்று. அதற்கு ரஸ்ட்டில் மேக்ரோ இருக்கிறது, எல்இசட்கவுன்ட் உண்டா என்று கேட்டால் உண்டு இல்லை சொல்லும். அந்த வசதி வேண்டிய ஃபங்ஷன் மேல் மட்டும் டார்கெட்_ஃபீச்சர் அட்ரிபியூட் போடலாம். ஆனால் அப்படிப் போட்ட ஃபங்ஷனை அந்த வசதி இல்லாத ஃபங்ஷனுக்குள் கம்பைலர் இன்லைன் செய்யாது, அதாவது அழைக்கிற இடத்திலேயே விரித்துப் போடாது, போடவும் கூடாது. ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் மிச்சம் பிடிக்க ஒரு முழு ஃபங்ஷன் கால் கொடுப்பது, பத்து ரூபாய் தக்காளி வாங்க ஆட்டோவில் போகிற கதை. பெரிய லூப்பையே அப்படிப் பிரிக்கலாம், செஸ் எஞ்சினில் அந்தப் பெரிய லூப் என்பது எஞ்சின் முழுவதும்தான். பிரபல செஸ் எஞ்சினான ஸ்டாக்ஃபிஷை ஏன் பிராசஸர் வகைக்கு ஒரு பைனரி (ஓட்டத் தயாரான ஃபைல்) என்று தனித்தனியாகத் தருகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அவர்களுக்குக் கூடுதலாகப் பெக்ஸ்ட் (வேண்டிய பிட்களை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பது) என்ற தொல்லை வேறு: இன்டெல்லில் மூன்று சைக்கிளில் முடிகிற இன்ஸ்ட்ரக்ஷன், ஏஎம்டி ஜென் 2 வரைக்கும் உள்ளே மைக்ரோகோடில், பல சிறு படிகளாக, ஓடியது, இன்ட்ரின்சிக் ஒன்றுதான், “இருக்கிறதா” என்று கேட்டால் இரண்டு மெஷினும் ஆமாம் என்றுதான் சொல்லும், ஆனால் ஒன்றில் பறக்கும், ஒன்றில் நொண்டும். ஜென் 3-இல்தான் சரியானது.

ஆக நானும் இரண்டு பைனரி எடுத்தேன். எக்ஸ்86-64-வி2 என்று ஒரு மட்டம் இருக்கிறது, அதில் பாப்கவுன்ட் உண்டு, எல்இசட்கவுன்ட் கிடையாது. வி3-இல் இரண்டும் உண்டு. தனித்தனிக் கொடி ஒட்டுவதைவிட இந்த மட்டங்களைச் சொல்வது நிம்மதி. மாமா பையனுக்கு வி2.

அதோடு விட்டிருக்கலாம். எவனாவது வி3 பைனரியைப் பழைய மெஷினில் ஓட்டிவிட்டால் என்ன செய்வது என்று, எஞ்சின் தொடங்கும்போதே ஒரு சோதனை வைத்தேன்: 7-இன் லீடிங்_ஜீரோஸ் 61 வருகிறதா? வராவிட்டால் “இந்த மெஷினுக்கு வேறு பைனரி வேண்டும்” என்று சொல்லிவிட்டு நின்றுவிடு. வேண்டுமென்றே பழைய கொடிகளோடு பில்ட் செய்து அவனுக்கு அனுப்பி ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். சோதனை பாஸ். ராணி மறுபடி ராஜாவைப் பிடித்தது.

பைனரியை டிஸ்அசெம்பிள் செய்து, உள்ளே என்னென்ன இன்ஸ்ட்ரக்ஷன் என்று பார்த்தால் சோதனையே அங்கே இல்லை. 7 மாறிலி. கம்பைலருக்கு லீடிங்_ஜீரோஸ் என்றால் என்னவென்று தெரியும், 61 என்று அதுவே கணக்குப் போட்டு, 61-உம் 61-உம் சமம் என்று பார்த்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டது. அவன் மெஷினை யாரும் எதுவும் கேட்கவேயில்லை.

7-ஐ பிளாக்_பாக்ஸுக்குள் போட்டு வாங்கினேன். கம்பைலரிடம் “இது என்ன எண் என்று உனக்குத் தெரியாத மாதிரி இரு” என்று சொல்கிற ஃபங்ஷன் அது. அதன் மூலத்துக்குப் போய்ப் பார்த்தேன், அதுவும் ஒரு இன்ட்ரின்சிக்தான். மறுபடி அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது, கருப்புத் திரையில் “7-க்கு 2 வருகிறது, வேறு பைனரி வேண்டும்” என்று. கீழே அவன் கேட்டிருந்தான்: “7-க்கு 2 வந்தா என்ன அண்ணா தப்பு?”